இரண்டு விரல் தொய்வு

வண்டியில் ஒரு சத்தம் புகுந்திருந்தது. அது என்ன மாதிரிச் சத்தம் என்பதிலேயே வீட்டில் இருந்த இரண்டு பேருக்கும் ஒத்துப்போகவில்லை.

காலையில் அவள் ஓட்டும்போது "கர்ர்… கர்ர்…" என்று விட்டு விட்டு உறுமியது. பிற்பகலில் கொழுந்தன் எடுத்துக்கொண்டு போனால் "தடக் தடக்" என்று எதையோ அடித்தது. நடுவில் மெக்கானிக் அதைச் சென்டர் ஸ்டாண்டில் ஏற்றிச் சக்கரத்தைச் சுற்றிவிட்டால், பரம சாதுவாகச் சுற்றியது. ஒரே வண்டி, ஒரே செயின். ஆளுக்கு ஒரு குரலில் பேச அது என்ன மிமிக்ரியா பண்ணுகிறது?

"நீங்க கிளட்சை முழுசாப் பிடிக்காம கியரை மிதிக்கிறீங்க அண்ணி. அதான் செயின் கத்துது," என்றான் கொழுந்தன்.

"நீ வேகத்தடைக்கு வேகத்தடை பறக்கிறியே, அது என்னவாம்? வண்டியா அது, குதிரையா?"

"குதிரைன்னா இந்நேரம் உங்களை உதைச்சுத் தள்ளியிருக்கும்."

வீட்டில் அவனைச் சின்னவன் என்று கூப்பிடுவார்கள். அவள் கணவன் பெரியவன்; கப்பலில் எஞ்சின் அறையில் வேலை, வருஷத்தில் பாதி கடலில். சின்னவன் குத்துச்சண்டைக் கூடத்தில் பயிற்சியாளன். கூடம் மாலையில்தான் திறக்கும். ஆகவே வண்டி காலையில் அண்ணிக்கு, மாலையில் கொழுந்தனுக்கு. இந்தப் பங்கீட்டில் இதுவரை ஒரு முணுமுணுப்பும் வந்ததில்லை.

அவள் வேலை, ரத்தம் சுமப்பது. ஊரில் அங்கங்கே இருக்கும் சின்ன மருத்துவமனைகளில் காலையில் எடுத்த ரத்தக் குழாய்களைக் குளிர்பெட்டியில் வாங்கி, பின்சீட்டில் கட்டி, வெயில் ஏறுவதற்குள் பரிசோதனைக் கூடத்தில் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். அங்கே அவளைப் பெட்டியக்கா என்பார்கள். காலில் சக்கரத்தைக் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்று பெரியவன் கேலி செய்வான். உண்மைதான். ஓர் இடத்தில் உட்காரச் சொன்னால் அவளுக்கு முதுகில் எறும்பு ஊரும்.

அடுத்த மாதத்திலிருந்து ஊருக்குள் பெட்டி எடுக்க ஒரு வேன் வரப்போகிறது என்று சொல்லியிருந்தார்கள். மிச்சம் இருப்பது மலைப்பாதை மட்டும். அந்த வளைவுகளில் வேன் ஏறாது, மோட்டார் சைக்கிள்தான். அந்தப் பாதை கிடைக்காவிட்டால் அவளுக்கு லேபிள் மேசை. குழாயை எடு, லேபிளை ஒட்டு, குழாயை வை. ஜன்னலும் இல்லாத அறை.

மலைக்குப் போகிறவரின் வண்டியில் மேற்பார்வையாளர் ஒருமுறை பின்னால் ஏறி உட்கார்ந்து பார்ப்பார். பனிக்கட்டி சார் என்று அவருக்குப் பெயர். பெட்டிக்குள் பனிக்கட்டி சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது அவர் வேலை. அந்த வேலை முகத்திலும் ஒட்டிக்கொண்டுவிட்டது. நல்ல கனத்த ஆள். செவ்வாய்க்கிழமை காலை அவர் ஏறி உட்கார்ந்தார். வண்டி பின்பக்கம் அப்படியே அமுங்கியது. தெருமுனை தாண்டுவதற்குள் உறுமல் ஆரம்பித்தது. அவள் தனியாகப் போகும்போது பூனை மாதிரி உறுமியது, அவரோடு போகும்போது நாய் மாதிரி உறுமியது.

"நிறுத்தும்மா," என்றார் அவர். இறங்கினார். குனிந்து பார்த்தார். செயின் முழுக்கத் தகர மூடிக்குள் இருந்ததால் பார்க்க ஒன்றும் இல்லை. "மலையில இறங்கும்போது செயின் கழண்டு சிக்கிச்சுன்னா என்ன ஆகும் தெரியுமா?"

"பின்சக்கரம் பூட்டிக்கும் சார்."

"தெரியுதில்ல. சனிக்கிழமை மறுபடி உட்காருவேன். இந்தச் சத்தம் இருந்தா, பாதை வேற ஆளுக்கு. கோச்சுக்காதே."

அன்றிலிருந்து அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மின்விசிறி சுற்றினால் அதற்குள் கர்ர். தையல் கடையைத் தாண்டினால் அதற்குள் கர்ர். சாப்பிட உட்கார்ந்தவள் பாதியில் எழுந்து மாடிப்படிக்குக் கீழே போய் வண்டியைப் பார்த்துவிட்டு வந்தாள். எதற்குப் போனாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது.

மெக்கானிக்கிடம் போனாள். அவர் கண்ணாடியை எப்போதும் நெற்றியில்தான் மாட்டியிருப்பார். எதையாவது பார்க்க வேண்டும் என்றால் அதை இன்னும் மேலே தள்ளிவிட்டுப் பார்ப்பார். தகர மூடியின் அடியில் ஒரு சின்ன ரப்பர் அடைப்பு இருக்கும். அதைக் கழற்றி, துளையில் விரலை விட்டு, தெரிந்த துண்டுச் செயினை மேலும் கீழும் ஆட்டினார்.

"நல்லா இருக்கே. தொய்வு சரியாத்தான் இருக்கு."

"உறுமுது அண்ணே."

"எங்க உறுமுது?" சக்கரத்தைச் சுற்றிவிட்டார். அது உறுமவில்லை. "சந்தேகம் வந்துட்டா காதுக்குள்ளயே சத்தம் கேக்கும்மா. எங்க வீட்டுக்காரிக்கும் அப்படித்தான், நான் குறட்டை விடறேங்கிறா."

இத்தனையிலும் அவள் யாரிடமும் சொல்லாத ஒன்று இருந்தது. தினமும் விடியும்போது, சின்னவன் தூங்கிக்கொண்டிருக்கையில், அவள் ஸ்பேனரோடு படிக்குக் கீழே போவாள். ரப்பர் அடைப்பைக் கழற்றி விரலை விடுவாள். செயின் தொளதொளவென்று தொங்கும். பெரியவன் சொல்லிக் கொடுத்தபடி இரண்டு விரல் அகலம் ஆடும் வரைக்கும் இறுக்குவாள். துளை வழியாகக் கொஞ்சம் எண்ணெய் விடுவாள். அன்றைக்கு இறுக்கினால் மறுநாள் விடியும்போது மறுபடி தொங்கும். ஒரு செயின் நாளுக்கு நாள் இப்படி நீளுமா? நீண்டால் எவ்வளவு நாள் தாங்கும்? மலை வளைவில் அறுந்தால்?

செயினை இறுக்குவது எப்படி என்று தெரியாதவர்களுக்காக: பின்சக்கரத்தின் அச்சு இரண்டு பக்கமும் ஓர் இரும்புக் கையில் நிற்கிறது. அச்சின் பெரிய நட்டைத் தளர்த்திவிட்டு, ஒவ்வொரு கையின் நுனியிலும் இருக்கும் சின்ன நட்டைத் திருகினால், சக்கரமே முழுதாகப் பின்னால் நகரும். முன்னால் எஞ்சினோடு இருக்கும் சின்னப் பல்சக்கரம் நகராது. இரண்டுக்கும் நடுவே தூரம் கூடினால் செயின் விறைக்கும். அவ்வளவுதான். இதில் பெரிய வித்தை எதுவும் இல்லை. ஆனால் திருகிய நட்டு தானாகத் தளர்ந்தால், செய்த வேலையெல்லாம் வீண்.

நட்டுதான் தளர்கிறது என்று முடிவு கட்டினாள். புதன் விடியலில் இறுக்கி முடித்ததும், சிவப்பு நகப்பூச்சை எடுத்து, நட்டிலும் அதை ஒட்டிய இரும்பிலும் சேர்த்து ஒரே கோடாக இழுத்தாள். நட்டு மயிரிழை நகர்ந்தாலும் கோடு உடையும். இரண்டு பக்கமும் போட்டாள்.

வியாழன் விடியலில் குனிந்து பார்த்தாள். கோடு உடைந்திருந்தது. இரண்டு பக்கமும்.

"மாட்டினியா!" என்று நட்டைப் பார்த்துச் சொன்னவள், கையால் அதை அசைத்துப் பார்த்தாள். அசையவில்லை. ஸ்பேனரை மாட்டி அழுத்தினாள். பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்திய பிறகுதான் நகர்ந்தது.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அதிர்வில் தளர்ந்த நட்டு கைக்கே சுற்றும். இது ஒருவர் தம் கட்டி இறுக்கிய நட்டு. அதோடு இன்னொன்று. வலது கோடு எவ்வளவு விலகியிருந்ததோ அதே அளவு இடது கோடும் விலகியிருந்தது. அதிர்வுக்கு இப்படி இரண்டு பக்கமும் நியாயமாகப் பங்கு வைக்கத் தெரியாது. ஒரு மனிதக் கை வந்து, ஸ்பேனர் போட்டு, இந்தப் பக்கம் இவ்வளவு, அந்தப் பக்கமும் அதே அளவு என்று அளந்து தளர்த்தியிருக்கிறது.

யார்? பக்கத்து வீட்டுக்காரரோடு குப்பைத்தொட்டி விஷயமாக ஒரு சின்ன வாக்குவாதம் உண்டு. ஆனால் அவருக்கு ஸ்பேனர் எந்தப் பக்கம் பிடிப்பதென்றே தெரியாது. பரிசோதனைக் கூடத்தில் மலைப்பாதைக்கு ஆசைப்படும் இன்னொரு ஆள் இருக்கிறான். அவன் இங்கே படிக்குக் கீழே வந்து… சே! காலை முழுக்க ஓட்டும்போது இதே யோசனை. மருத்துவமனை ஒன்றில் பெட்டியை வாங்காமலே கிளம்பிவிட்டாள். செவிலி பின்னால் ஓடிவந்து தட்டினாள்.

மதியம் வீடு திரும்பியபோது சின்னவன் சமையலறையில் நின்றபடி தேநீர் குடித்துக்கொண்டிருந்தான்.

"நம்ம வண்டியில யாரோ கை வைக்கிறாங்கடா," என்றாள் அவள்.

அவன் கோப்பையை இறக்கினான். "எப்படித் தெரியும்?"

"எப்படித் தெரியும்னு கேக்கிறே. யாருன்னு கேக்கலையே?"

சின்னவனின் முகத்தில் அசடு வழிந்தது. வளையத்துக்குள் ஏறினால் ஆறடி ஆளையும் அசர வைக்கிறவன், அண்ணியின் முன்னால் கோப்பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினான்.

"நான்தான் அண்ணி."

"நீயா! ஏன்டா?"

"செயின் கம்பி மாதிரி நிக்குது. கூடத்துக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி தினமும் பாக்கிறேன், தினமும் விறைச்சுக்கிட்டு நிக்குது. மத்தியானம் நீங்க சாப்பிட்டுப் படுத்தப்புறம் நைசாப் போய்த் தளர்த்தி விடுவேன். எண்ணெயும் விடுவேன்."

"நான் தினமும் விடியக்காலையில இறுக்கிறேன்டா! தொங்குது, தொங்குதுன்னு இறுக்கிறேன்!"

சின்னவன் கோப்பையை மேடையில் வைத்தான்.

"ஒரு செயின் தானா இறுகுமான்னு உனக்குத் தோணவே இல்லையா?"

"வெயில்ல சூடாகிச் சுருங்குதுன்னு நினைச்சேன்."

"இரும்பு சூடானா விரியும்."

"பள்ளிக்கூடத்துல நான் கடைசி பெஞ்சு அண்ணி. அதெல்லாம் முன்னாடி பெஞ்சுலயே தீந்துபோயிடும்."

"நட்டுல சிவப்பாக் கோடு போட்டிருந்தேனே, அதையுமா பாக்கலை?"

"பாத்தேன். நகப்பூச்சு சிந்திடுச்சு போலன்னு துடைச்சுப் பாத்தேன். போகலை."

அவளுக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வந்தன. "சரி, ஒரு வார்த்தை சொன்னா என்ன?"

"அண்ணன்தான் சொல்லாதேன்னான். 'உங்க அண்ணிக்கு வண்டியைப் பாத்துக்கத் தெரியும்னு நினைப்பு. நீ சொன்னா மனசு கஷ்டப்படும். நீ பாட்டுக்கு ரெண்டு விரல் வச்சுச் சரி பண்ணிடு'ன்னான்."

அவள் போனை எடுத்தாள். கடலில் இருப்பவனுக்கு எப்போதும் லைன் கிடைக்காது, அன்று கிடைத்தது. ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தாள்.

"என்னங்க, செயின் விஷயமா சின்னவன்கிட்ட என்ன சொன்னீங்க?"

கடலைத் தாண்டி வர வேண்டிய குரல் கொஞ்சம் தாமதித்தது. "ஏன், என்ன ஆச்சு?"

"என்கிட்ட என்ன சொன்னீங்க? 'சின்னவன் சோம்பேறி, வண்டியைப் பாக்க மாட்டான், கேட்டா மூஞ்சியைத் தூக்கி வச்சுப்பான், நீயே சத்தமில்லாம ரெண்டு விரல் வச்சு இறுக்கிடு'ன்னு சொன்னீங்களா இல்லையா?"

இந்த முறை தாமதம் கடலால் வந்ததில்லை.

"சோம்பேறியா?" என்றான் சின்னவன். "என்னையா அண்ணே?"

"டேய், நீயும் அங்கதான் இருக்கியா? அது… ரெண்டு பேர்ல ஒருத்தராவது செய்வீங்கன்னு சொல்லி வச்சேன். ரெண்டு பேரும் செய்வீங்கன்னு யாருக்குத் தெரியும்? இந்த வீட்டுல ஒரு வேலையை ரெண்டு பேர் செஞ்சு நான் பாத்ததே இல்லையே!"

"சரி, ஒரே ரெண்டு விரல்தானே," என்றாள் அவள். "அவன் வச்சுப் பாத்தா எப்படி இறுக்கமா இருக்கும், நான் வச்சுப் பாத்தா எப்படித் தொங்கும்?"

கேட்டு முடிக்கும் முன்பே அவள் கண் சின்னவனின் கைக்குப் போயிற்று. கூடத்தில் தொங்கும் குத்துப்பையைக் குத்திக் குத்தித் தடித்த விரல்கள். தன் கையை அதன் பக்கத்தில் மேசையில் வைத்தாள். இழுப்பறையிலிருந்து ஸ்டீல் ஸ்கேலை எடுத்து இரண்டின் மேலும் வைத்துப் பார்த்தாள். அவளுடைய இரண்டு விரல் இரண்டரை சென்டிமீட்டரை எட்டவில்லை. அவனுடையது நான்கைத் தாண்டியது.

"நீங்க சொன்ன ரெண்டு விரல் யாரோடது?" என்று போனைப் பார்த்துக் கேட்டாள்.

"என்னோடது. மூணு சென்டிமீட்டர் வரும்."

"அந்த விரலையும் கழட்டி வச்சுட்டுப் போயிருக்கலாம்ல?"

இப்போது நடந்தது என்னவென்று பாருங்கள். அவள் காலையில் இறுக்குவாள். அளவுக்கு மேல் விறைத்த செயின் பற்களில் உராய்ந்து உறுமும். அந்த உறுமலைச் சின்னவனின் ஓட்டம் என்று திட்டுவாள். அவன் பிற்பகலில் தளர்த்துவான். தொங்கும் செயின் துள்ளித் தகர மூடியில் அடிக்கும். அதை அண்ணியின் கியர் என்று சொல்வான். அவரவர் கேட்ட சத்தம் அவரவர் கைவேலை. நடுவில் மாட்டிக்கொண்ட செயினுக்கு வாய் இருந்தால் இருவரையும் கேட்டிருக்கும்.

அன்றே இருவரும் படிக்குக் கீழே உட்கார்ந்து, ஸ்கேலைப் பிடித்து, மூன்று சென்டிமீட்டர் வைத்து இறுக்கினார்கள். சின்னவன் கூடத்துக்குப் போய்விட்டு வந்து, தடக் தடக் போய்விட்டது என்றான். அவளுக்குப் பாதி உயிர் வந்தது.

வெள்ளிக்கிழமை காலை வண்டியை எடுத்தாள். தெருமுனை தாண்டியதும், மெலிதாக, நிதானமாக: "கர்ர்… கர்ர்…"

மீதிப் பாதி உயிரும் போயிற்று.

மறுநாள் சனிக்கிழமை. அவளால் வண்டியில் சும்மா உட்காரவும் முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை. சிவப்பு விளக்கில் நிற்கும்போது கால் தரையைத் தட்டிக்கொண்டே இருந்தது. மனசைக் கட்டி இழுத்து ஒரே ஒரு காரியம் செய்தாள்: திட்டாமல், பயப்படாமல், அந்தச் சத்தத்தைக் கேட்டாள். காலியான சாலையில் மெதுவாக உருட்டிப் பார்த்தாள். டயரில் ஓர் ஒட்டுப் போட்ட இடம் இருந்தது. அது தரையில் படும்போதெல்லாம் சின்னதாக ஒரு 'டப்'. ஒரு 'டப்' என்றால் சக்கரம் ஒரு சுற்று. கர்ர் என்பது ஒவ்வொரு டப்புக்கும் வரவில்லை. டப், டப், கர்ர். டப், டப், சில சமயம் இன்னொரு டப், அப்புறம் கர்ர்.

அவளுக்குச் சட்டென்று மண்டையில் விளக்கெரிந்தது. சக்கரத்திலோ அதன் பேரிங்கிலோ பின்னால் இருக்கும் பல்சக்கரத்திலோ கோளாறு என்றால், சக்கரம் சுற்றும் ஒவ்வொரு முறையும் சத்தம் வர வேண்டும். முன் பல்சக்கரம் என்றால் அதைவிட வேகமாக வர வேண்டும். அது சின்னது, பலமுறை சுற்றுகிறது. சக்கரத்தைவிட மெதுவாகச் சுற்றுவது இந்த வண்டியில் ஒன்றே ஒன்றுதான். நீளமான செயின். சக்கரம் இரண்டு, இரண்டரை முறை சுற்றினால்தான் செயினின் ஒரு கண்ணி புறப்பட்ட இடத்துக்குத் திரும்பி வரும். ஆகவே கோளாறு செயினில், அதுவும் செயினின் ஏதோ ஒரு பகுதியில்.

வீட்டுக்கு வந்ததும் சாப்பிடவில்லை. "சின்னவனே, இன்னிக்குக் கூடத்துக்கு நடந்து போ. வண்டி எனக்கு வேணும்."

"நடந்தா?"

"ஓடிப் போ. உடம்புக்கு நல்லதுன்னு நீதானே எல்லாருக்கும் சொல்றே."

அவன் போகவில்லை. கூடத்தில் வேறொருவரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ஸ்க்ரூ டிரைவரோடு வந்து உட்கார்ந்தான். இருவருமாகத் தகர மூடியைக் கழற்றினார்கள். இத்தனை நாளும் ரப்பர் துளை வழியாக ஒரு துண்டை மட்டுமே பார்த்த செயினை இன்றுதான் முழுதாகப் பார்த்தார்கள்.

"ஐயோ," என்றான் சின்னவன்.

செயினில் ஒரு பாதி கறுப்பாக, எண்ணெய் மினுக்கோடு இருந்தது. இன்னொரு பாதி பழுப்பேறி, வறண்டு, சில கண்ணிகளில் துருவும் பிடித்திருந்தது. ஊற்றிய எண்ணெய் எல்லாம், அந்த அந்த நேரத்தில் துளைக்கு நேரே நின்ற கண்ணிகளுக்குத்தான் போயிருக்கிறது. மற்றவை பட்டினி கிடந்திருக்கின்றன.

"எஞ்சினை ஸ்டார்ட் பண்ணிச் சுத்த விடட்டுமா அண்ணி?"

"விரல் வேணுமா வேண்டாமா? சாவியை எடுத்து உன் பையில போடு. நியூட்ரல்ல வச்சுக் கையாலதான் சுத்தணும்."

ஒரு கண்ணியில் நகப்பூச்சால் பொட்டு வைத்தாள். சக்கரத்தை அவன் மெதுவாகச் சுற்ற, அவள் கீழ்ச் செயினின் நடுவில் ஸ்கேலை நிறுத்தி, ஒவ்வோர் இடமாக மேலும் கீழும் ஆட்டி அளந்தாள். ஓர் இடத்தில் மூன்று சென்டிமீட்டர் ஆடியது. கொஞ்சம் சுற்றினால் இரண்டரை. இன்னும் சுற்றினால் ஒன்றுதான். அதைத் தாண்டினால் மறுபடி மூன்று. சிவப்புப் பொட்டு ஒரு முழுச் சுற்று வந்தபோது அதே வரிசை திரும்பியது.

எண்ணெய் கிடைக்காத கண்ணிகள் உள்ளே தேய்ந்து, கொஞ்சம் கொஞ்சமாக நீண்டுவிட்டன. எண்ணெய் கிடைத்தவை நீளவில்லை. நீண்ட பகுதி கீழே வரும்போது செயின் தொய்கிறது. நீளாத பகுதி வரும்போது விறைக்கிறது. நேற்று அவர்கள் ஸ்கேலை வைத்த இடம் தற்செயலாகத் தொய்ந்த இடம். மெக்கானிக் விரலை விட்டதும் அங்கேதான். துளையில் எது தெரிந்ததோ அதை நம்பினார்கள்.

"ஆனா ஒண்ணு அண்ணி. ஒரு சென்டிமீட்டர் ஆடுதே. அதுக்கு ஏன் உறுமணும்?"

"இப்ப வண்டி ஸ்டாண்டுல இருக்கு. சக்கரம் கீழ தொங்குது. ஆள் ஏறினா?"

சின்னவன் யோசித்தான். பிறகு தன் கையையே பார்த்தான். "தோள் முன்னாடி இருக்கிற பல்சக்கரம். முழங்கை, இந்த இரும்புக் கை ஆடுற மூட்டு. மணிக்கட்டு, பின்சக்கரம்." முழங்கையைக் கொஞ்சம் மடக்கிப் பிடித்தான். "இப்ப சக்கரம் தொங்குது. ஆள் ஏறினா…" குத்துவது போலக் கையை நேராக நீட்டினான். "தோளுக்கும் மணிக்கட்டுக்கும் தூரம் கூடுது!"

"கூடினா செயின் விறைக்கும். பனிக்கட்டி சார் ஏறினா அந்த ஒரு சென்டிமீட்டரும் போயிடும். அதான் அவர் உக்காந்ததும் நாய் மாதிரி உறுமுச்சு."

"கடைசி பெஞ்சுக்குக் கை தட்டுங்க அண்ணி."

"தட்டறேன். மண்ணெண்ணெய் எடு."

அதற்கு முன் ஒரு பயம் தீர வேண்டியிருந்தது: செயினே செத்துவிட்டதா? பின் பல்சக்கரத்தின் பின்விளிம்பில் செயினை விரலால் பிடித்துப் பின்னால் இழுத்தாள். பாதிப் பல் தெரியும் அளவுக்கு அது விலகி வந்தால் செயினைத் தூக்கிப் போட வேண்டியதுதான். சுற்றி நான்கைந்து இடங்களில் இழுத்தாள். மிகத் தேய்ந்த இடத்திலும் கொஞ்சமாகத்தான் விலகியது. பற்களும் கொக்கி போல வளையவில்லை. மூச்சை விட்டாள். இன்னும் சில மாதம் வரும்.

பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் கண்ணி கண்ணியாகத் தேய்த்தார்கள். துருப்பிடித்தவற்றில் மூன்று நான்கு மடங்கியபடியே நின்றன. பல்சக்கரத்தை விட்டு வந்த பிறகும் நேராகவில்லை. அவற்றை மண்ணெண்ணெயில் ஊற வைத்து, இரண்டு கையாலும் பிடித்து இப்படியும் அப்படியும் வளைத்து வளைத்து இளக்கினான் சின்னவன். அந்த வேலைக்கு அவன் விரல்கள்தான் சரி. துணியால் துடைத்து, காய விட்டு, சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே கீழ்ச் செயினின் உள்பக்கத்தில் கியர் ஆயிலைச் சொட்டுச் சொட்டாக விட்டாள் அவள். உள்பக்கத்தில் விட்டால், சுற்றும்போது எண்ணெய் வெளியே வீசப்படும் வழியில் கண்ணிக்குள் இறங்கும். வெளிப்பக்கம் விட்டால் நேரே சுவருக்குப் போகும்.

சனிக்கிழமை காலை பனிக்கட்டி சார் வண்டியைச் சுற்றி வந்தார். ஏறி உட்கார்ந்தார். பின்பக்கம் அமுங்கியது. அவள் கியரைப் போட்டுக் கிளம்பினாள்.

தெருமுனை தாண்டினார்கள். சத்தமில்லை. பாலம் ஏறினார்கள். மலை அடிவாரத்தில் முதல் வளைவு, இரண்டாவது வளைவு. எஞ்சின் முனகியது, காற்று இரைந்தது, செயின் மட்டும் வாயைத் திறக்கவில்லை. அவள்தான் ஒவ்வொரு மீட்டருக்கும் அதை எதிர்பார்த்துக்கொண்டே ஓட்டினாள். மூன்றாவது வளைவில் அவர் தோளைத் தட்டினார்.

"போதும், திருப்பு," என்றார். "திங்கள்கிழமையிலேர்ந்து நீ மேல போ."

அவள் வண்டியை ஓரம் கட்டினாள்.

"சரிம்மா, என்னதான் பண்ணினே? புதுச் செயின் போட்டியா?"

"இல்ல சார், பழசுதான். மூடியைக் கழட்டி முழுச் செயினையும் சுத்தம் பண்ணி, எல்லாக் கண்ணிக்கும் எண்ணெய் விட்டோம். சக்கரத்தைச் சுத்திச் சுத்தி, செயின் எங்க ரொம்ப விறைக்குதுன்னு கண்டுபிடிச்சு, அந்த இடத்துல ஸ்கேல் வச்சு மூணு சென்டிமீட்டர் விட்டோம். ரெண்டு பக்க நட்டும் ஒரே அளவு. அச்சு நட்டை முறுக்கினப்புறம் மறுபடி அளந்தோம், ரெண்டு பேரும் ஏறி உக்காந்தும் பாத்தோம், அப்பவும் கொஞ்சம் ஆடுச்சு. இனிமே வாரத்துக்கு ஒரு தடவை, நான் மட்டும்தான் திருகுவேன்."